செக்கின் பின்பக்கம்

அத்தியாயம் 7

"பாக்கி எவ்வளவு?"

"ஒரு பவுண்டு."

"சரியாப் பார்த்துச் சொல்லு, லெஸ்."

"ஒரு பவுண்டை எத்தனை தரம் எண்ணினாலும் ஒரு பவுண்டுதான், மேடம். நம்ம டீம் இந்த மாசம் போட்ட கோல் மாதிரி. ஒரு விரல் போதும்."

சேமிப்புச் சங்கத்து வாசலில் லெஸ் கிராப்ட்ரீ ரசிகர் சங்கத்தின் பாஸ்புக்கை மடித்து எனிட் ஹாலிவெல்லிடம் நீட்டினான். வாய்தான் வேடிக்கை பேசியது. கண் வாட்ச்சிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை, மணி பத்தரை. மதியம் இரண்டு மணிக்கு லண்டன் நீதிமன்றத்தில் ஆல்டர்ஷா டவுன் கால்பந்துக் கிளப்பை இழுத்து மூடச் சொல்லி வரி அலுவலகம் போட்ட வழக்கு வருகிறது. இரண்டு முறை வாய்தா வாங்கியாயிற்று. மூன்றாவது வாய்தா கிடையவே கிடையாது என்று நீதிபதி போன தடவையே சொல்லிவிட்டார். லெஸ் ஆறு வயதிலிருந்து அந்த மைதானத்தில் மழையில் நனைந்து ஜலதோஷம் பிடித்துக்கொண்டு வருகிறவன். கல்யாணம் ஒன்று வந்து போயிற்று, பஸ் ஓட்டும் வேலை வந்து போயிற்று, கிளப் மட்டும் போகவில்லை. இன்றைக்கு அதுவும் போய்விடும் போலிருந்தது.

நடந்தது இதுதான். ஆட்டக்காரர்களின் சம்பளத்தில் பிடித்த வரியைக் கட்டாமல் முதலாளி ஸ்பெயினுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ரசிகர்கள் வாளி ஏந்தினார்கள், கேக் விற்றார்கள், நாற்பது வருடத் தாடியை ஏலம் போட்டு மழித்தார்கள். சேர்ந்தது ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பவுண்டு. ரசிகர் சங்கப் பொருளாளர் பெர்ட் என்ட்விசில் மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அதை மொத்தமாக ஒரே செக்காக எடுத்தார். சனிக்கிழமை காலை மேட்சுக்குக் கிளம்பும்போது வாசற்படியிலேயே விழுந்தார். பக்கவாதம். பேச்சு போயிற்று, எழுதுகிற கை போயிற்று. அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட இன்னொருவர் இருந்தார். அவர் பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. செக் யார் பெயருக்கு என்று சேமிப்புச் சங்கத்திடம் கேட்க இப்போது உரிமையுள்ள ஆளே இல்லை.

ரசிகர் சங்கம் கடைசியில் எனிட்டிடம் வந்தது. கட்டணம் தொண்ணூறு பவுண்டு. மீதி, கிளப் பிழைத்தால். மாவட்ட அலுவலகத்தின் சம்பளப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் துப்பறியக் கிளம்பிய பெண்மணி அவர். பந்து உருண்டை என்பதற்குமேல் கால்பந்து பற்றி எனிட்டுக்கு ஒன்றும் தெரியாது.

"வா, உள்ளே போகலாம்" என்றார்.

சேமிப்புச் சங்கத்தின் கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ஜோடி என்று பெயர் குத்தியிருந்தது. எனிட்டைப் பார்த்ததுமே அவள் தலையை ஆட்டிவிட்டாள்.

"யார் பேருக்கு செக்னு சொல்லவே முடியாதுங்க. என் வேலை போயிடும்."

"சொல்லவே வேண்டாம்மா. அன்னிக்கு என்ட்விசில் அவசரத்துல இருந்தாரா?"

"அவரா? என் நாய்க்கு உடம்பு தேவலையான்னு அஞ்சு நிமிஷம் விசாரிச்சார். பின்னாடி க்யூவே நெளிஞ்சுது."

"ஒரு பவுண்டை ஏன் விட்டுட்டுப் போனார்?"

"அதையும் எடுத்தா கணக்கை மூடிடுவோம்ல? அடுத்த சீசன் வாளிக்கு வேணும்னு சொன்னார்."

எனிட் கவுண்டர் மேல் சங்கிலியில் கட்டியிருந்த பேனாவைத் தொட்டுப் பார்த்தார். "செக்கைக் கையில வாங்கினதும் இந்தப் பேனாவை எடுத்தாரா?"

ஜோடி விழித்தாள். "ஆமா! திருப்பிப் போட்டு, ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துப் பார்த்து பின்னாடி என்னமோ எழுதினார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சிருந்தா கேட்டிருக்க மாட்டேன். ரொம்ப நன்றி."

காருக்குள் வந்து உட்கார்ந்ததும் எனிட் சொன்னார்: "ஓடிப் போறவன் அடுத்த சீசனுக்காக ஒரு பவுண்டு விட்டுவைப்பானா? பணத்தை அமுக்கறவன் செக்குக்குப் பின்னாடி எதையாவது எழுதுவானா? யார் எழுதுவா, சொல்லு."

லெஸ் யோசித்தான். "கரண்ட் பில் கட்டறவன். பின்னாடி வாடிக்கையாளர் நம்பர் போடணும்."

"ஆமா. அவர் பில்தான் கட்டியிருக்கார்."

"அப்போ வரி ஆபீஸ்! மேடம், அப்போ பெர்ட் எடுக்கல..."

குரல் உடைந்தது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். எனிட்டுக்குக் காரணம் தெரியாது. ரசிகர் சங்கத்தின் இணையப் பக்கத்தில், 'கிழட்டுத் திருடன்' என்று முதன்முதலில் எழுதியவன் லெஸ்தான். நானூற்றுப் பன்னிரண்டு பேர் அதற்கு விருப்பம் போட்டார்கள். மறுநாள் காலை பெர்ட் வீட்டுக் கதவில் சிவப்புப் பெயின்ட் வழிந்துகொண்டிருந்தது. பெயின்ட் ஊற்றியவன் அவனில்லை. ஆனால் டப்பாவைத் திறந்து கொடுத்தவன் அவன்தான்.

*

'தறி' என்ற மதுக்கடையில் காலையிலேயே கூட்டம் சேர்ந்திருந்தது. கடை முதலாளி நார்ம், ஆளே ஒரு அலமாரி அகலம். அவர் எதிரே வில்ஃப், எழுபது வயது, கழுத்தில் கிளப்பின் பச்சை மஃப்ளர். இருவருக்கும் நடுவில் மேஜைமேல் ஒரு போன். அதற்குள் ட்ரிஷ், லண்டன் நீதிமன்றத் தாழ்வாரத்தில் ரசிகர்கள் சார்பில் போய் நிற்கிறாள்.

"வாங்க மேடம்" என்றார் நார்ம். "சாவு வீட்டுக்குச் சரியான நேரத்துக்கு வந்திருக்கீங்க. சிப்ஸ் சூடா இருக்கு."

"டேய், யார்டா சாவுன்னு சொன்னது?" என்று போன் சீறியது. "இங்க ஒரு காபி அஞ்சு பவுண்டு. நான் இங்கயே வாளி ஏந்தலாமான்னு பார்க்கறேன்."

"ஏந்து ஏந்து" என்றார் நார்ம். "நம்ம கோல்கீப்பர் கோலிகிட்ட மட்டும் வாளியைக் கொடுத்துடாதே. அதையும் கீழ போட்டுடுவான்."

"கோலியைச் சொல்லாதடா" என்றார் வில்ஃப். "முதலாளி மட்டும் என்ன? சம்பளத்துல வரியைக் கரெக்டாப் பிடிச்சான். பிடிச்சதைக் கட்டினானா? கோலிக்கும் பிடிக்கத் தெரியும், அப்புறம்தான் நழுவிடும்."

"லீக் பட்டியல்ல நாம இருபத்து ரெண்டாவது. கடன்காரன் பட்டியல் போட்டுப் பாரு, நாமதான் சாம்பியன்."

"கோப்பை கொடுக்க வரிக்காரனே வருவான்."

சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு தடவையும் சீக்கிரமே தேய்ந்து, எல்லார் கண்ணும் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. பதினொன்றே முக்கால்.

"செக் வரி ஆபீசுக்குத்தான் போயிருக்குன்னு நினைக்கறேன்" என்றார் எனிட்.

 நார்ம் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அந்த ஆசை எங்களுக்கும் இருந்துச்சு மேடம். கிளப் ஆபீஸ்ல மிச்சமிருக்கிற ஒரே ஜீவன் டினா. அஞ்சு மாசமாச் சம்பளம் கிடையாது, தினம் வந்து கம்ப்யூட்டர்ல வரிக் கணக்கைத் திறந்து பார்க்கறா. இன்னிக்குக் காலைலயும் பார்த்தா. பாக்கி ஒரு பென்னிகூடக் குறையல."

லெஸ் அப்படியே நாற்காலியில் சரிந்தான். ஒரு மணி நேரமாக அவனைத் தூக்கி நிறுத்தியிருந்த நம்பிக்கை போயே போயிற்று. அப்படியானால் பெர்ட் வேறு யாருக்கோ... மறுபடியும் அந்தச் சந்தேகம் தலையெடுத்தது. அவனுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

எனிட் டீயைக் கலக்கியபடி கேட்டார்: "இந்தக் கடன் எந்த மாசத்துக்கு?"

"ஏப்ரல், மே. சீசன் முடியற நேரம்."

"வரிக்காரனுக்கு அப்போதான் புதுவருஷம்" என்றார் வில்ஃப். "ஏப்ரல் அஞ்சாந் தேதியோட வரி வருஷம் முடிஞ்சுதாம். நமக்கு இன்னும் ஆறு மேட்ச் பாக்கி. நாம கீழ் லீக்குக்கு இறங்கிடுவோமான்னு நகத்தைக் கடிச்சுக்கிட்டிருக்கோம், அவன் பட்டாசு வெடிக்கறான்."

"அது என்னடா ஏப்ரல் அஞ்சு? கணக்கு முடிக்கிறவன் எவனும் மாசக் கடைசிலதான முடிப்பான்?"

"மார்ச் முப்பத்தொண்ணு அன்னிக்கு மேட்ச் பார்க்கப் போயிருப்பான். தோத்த துக்கத்துல குடிச்சுட்டு அஞ்சு நாள் கழிச்சுத்தான் ஆபீசுக்குத் திரும்பியிருப்பான்."

போனுக்குள் ட்ரிஷ் விழுந்து விழுந்து சிரித்தாள். எனிட் சிரிக்கவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"ஏப்ரலும் மேயும்னு சொன்னீங்களே. அது எந்த வருஷம்?"

"இருபத்து நாலு இருபத்தஞ்சு" என்றார்கள் நார்மும் வில்ஃபும் லெஸும் போனும் ஒரே குரலில்.

"அதாவது?"

"அதாவதுன்னா என்ன மேடம்? சீசன் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு மே மாசம் முடியும். இருபத்து நாலு இருபத்தஞ்சு சீசன். குழந்தைக்குக்கூடத் தெரியும்."

எனிட் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "லெஸ், வண்டியை எடு. என்ட்விசில் வீட்டுக்கு."

உலகத்தில் வேறு எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் லெஸ் போயிருப்பான்.

*

கதவுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். இரண்டு தரம் அடித்தும் அடியில் சிவப்பு தெரிந்தது. திறந்தவள் பெர்ட்டின் மகள் கரோல். அம்மா ஆஸ்பத்திரியில் பெர்ட்டுக்குத் துணையாக இருந்தாள்.

கரோல் எனிட்டைத் தாண்டி லெஸைப் பார்த்தாள். "உன்னை எனக்குத் தெரியும். அந்தப் பாஸ்புக்கை உங்க சங்கத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தவளே நான்தான். பணம் பத்திரமா இருக்குன்னு நினைச்சுக் கொடுத்தேன். நீ அன்னிக்குச் சாயங்காலமே எழுதின."

லெஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அவனைத் திட்ட அப்புறம் நேரமிருக்கும்மா" என்றார் எனிட். "இப்போ மணி பன்னெண்டரை. உங்க அப்பா கேஸ் பில்லெல்லாம் எங்க வைப்பார்?"

"கேஸ் பில்லா?"

"ஆமா."

மாடிப்படிக்குக் கீழே ஷூ பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெர்ட்டின் குண்டு குண்டான கையெழுத்து. 19–20. 20–21. 21–22. கரோல் அலுத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு ஜனவரி, டிசம்பரெல்லாம் கிடையாது. எல்லாமே சீசன் கணக்கு. அவங்க கல்யாணம் எழுபத்தெட்டு எழுபத்தொன்பது. நான் பொறந்தது எண்பத்து மூணு எண்பத்து நாலு, அதுவும் ரெண்டாவது பாதி."

எனிட் '24–25' பெட்டியைத் திறந்தார். ஆகஸ்ட் பில்லில் தொடங்கி மாதவாரியாக ஒழுங்காக அடுக்கியிருந்தது. கடைசியிலிருந்து இரண்டை எடுத்தார். ஏப்ரல். மே. ஜூனும் ஜூலையும் எங்கே என்று கேட்டார். கரோல் மூலையில் கிடந்த வேறொரு பெட்டியைக் காட்டினாள். அதன்மேல் 'மேட்ச் இல்லாத மாசம்' என்று எழுதியிருந்தது.

"லெஸ்" என்றார் எனிட், "மைதானத்துக்கு எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிஷம்."

"பதினைஞ்சுல போ. கரோல், நீயும் வாம்மா. நீ பார்க்கணும்."

*

கிளப் அலுவலகத்தில் ஹீட்டர் இல்லை. டினா கோட்டு, குல்லாய், கையுறையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்ததில் அரை மணி நேரம் பறிபோயிருந்தது. மணி ஒன்று இருபத்தைந்து.

"இதோ பாருங்க" என்றாள் டினா. "வருஷம் 25–26. ஏப்ரல், மே. பாக்கி ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து இருநூத்து நாலு பவுண்டு. நான் பொய்யா சொல்றேன்?"

"இல்லம்மா. மேல வருஷம்னு இருக்கே, அதைப் போன வருஷத்துக்கு மாத்து."

"எதுக்கு? அது முழுசாக் கட்டி முடிச்ச வருஷம். அங்க ஒண்ணுமே இல்ல."

"அதனாலதான் யாரும் திறக்கல. திற."

டினா கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்தினாள். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. லெஸ் தன் வாழ்க்கையில் எந்தப் பெனால்டிக்கும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

பக்கம் விரிந்தது. வருஷம் 24–25. செலுத்த வேண்டியது: ஒன்றுமில்லை. கூடுதலாக வந்திருப்பது: ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்று இருபது பவுண்டு. பெர்ட் விழுந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை வரவாகியிருந்தது.

டினா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கரோல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"செக்குக்குப் பின்னாடி கிளப்போட நம்பர் போடணும், எந்த வருஷத்துக் கடன்னும் போடணும்" என்றார் எனிட். "உங்க அப்பா போட்டார். ஏப்ரல், மேன்னா அவருக்கு இருபத்து நாலு இருபத்தஞ்சு. ஆனா வரிக் கணக்குல ஏப்ரல் ஆறாந் தேதியே அடுத்த வருஷம் பொறந்துடும். அவங்க மேல தப்பில்ல. எந்தப் பெட்டியில போடச் சொன்னாரோ அதுல போட்டாங்க. அந்தத் துண்டுச் சீட்டை நீங்க யார் எழுதியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பீங்க. காலைல மதுக்கடையில நாலு பேரும் ஒரே குரல்ல சொன்னீங்களே, லெஸ்."

லெஸ் திரையையே வெறித்தான். "வழக்குப் போட்டவங்க கையிலயே மூணு வாரமாப் பணம் இருந்திருக்கு. நாம அந்த மனுஷன் வீட்டுக் கதவுல..." கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்புறம் அழு. வக்கீலுக்குப் போன் போடு."

கிளப் வக்கீல் மிஸ் ஃபென்விக்கின் போன் அணைந்திருந்தது. மணி ஒன்று முப்பத்தெட்டு. டினா திரையைப் படமெடுத்து ட்ரிஷுக்கு அனுப்பினாள். போகவில்லை, மைதானத்து இணையம் அப்படி. லெஸ் போனைப் பிடுங்கிக்கொண்டு பார்வையாளர் படிகளில் தடதடவென்று ஏறி, உச்சிப் படியில் நின்று கையை உயர்த்தினான். ஒன்று நாற்பத்தொன்பதுக்குப் படம் போயிற்று.

"ட்ரிஷ்! வந்துச்சா?"

"வந்துச்சு. என்னடா இது? இது நிஜமா?"

"நிஜம்! ஃபென்விக் கையில கொடு. வரி ஆபீஸ் வக்கீல் கையிலயும் காட்டு. அவங்க கணக்குலயே இருக்குன்னு சொல்லு."

"உள்ளே போனோட விடமாட்டாங்கடா, வாசல்ல ஒரு ஆள்..."

"காலைப் பிடி, கையைப் பிடி, என்னமோ செய்!"

போன் அறுந்தது.

அதன்பிறகு ஒன்றுமில்லை. இரண்டு மணி. இரண்டேகால். காலி மைதானத்தில் சாரல் விழ ஆரம்பித்தது. கரோலும் எனிட்டும் படியேறி வந்து லெஸுக்குப் பக்கத்தில் நின்றார்கள். கிளப் பிழைக்க வேண்டும் என்று லெஸ் ஆயிரம் தடவை வேண்டியிருக்கிறான். இன்றைக்கு அவனுக்குக் கிளப்பைவிட பெர்ட்தான் முக்கியமாக இருந்தது. கிளப் செத்தால் இந்த ஊர் பெர்ட்டை ஜென்மத்துக்கும் மன்னிக்காது. வருஷத்தை மாற்றி எழுதிக் கிளப்பைக் கொன்றவர் என்று பேரக்குழந்தைகளுக்குக் கதை சொல்வார்கள். திருடன் என்ற பெயரே தேவலை என்றாகிவிடும்.

இரண்டு முப்பத்தொன்றுக்குப் போன் அடித்தது. எடுத்தால் மறுமுனையில் அழுகைச் சத்தம்தான் கேட்டது.

லெஸ் கண்ணை மூடிக்கொண்டான். "சொல்லிடு, ட்ரிஷ்."

"தள்ளுபடி" என்றாள் அவள் விக்கி விக்கி. "வழக்கு தள்ளுபடிடா. அவங்க வக்கீலே ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு வந்து, பணம் எங்ககிட்ட இருக்கு, இடம் மாத்தி வச்சுக்கறோம்னு ஜட்ஜ்கிட்ட சொல்லிட்டார். நாம பிழைச்சுட்டோம்."

லெஸ் ஈரப் படியில் அப்படியே உட்கார்ந்தான். எனிட் குடையைப் பிரித்து அவன் தலைக்கு மேல் பிடித்தார்.

*

நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம். காரிலிருந்து இறங்கும்போது கரோல் லெஸின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஒண்ணு சொல்லிடறேன். திருடன்னு பேசினது, பெயின்ட் ஊத்தினது, எதுவும் அவருக்குத் தெரியாது. நாங்க சொல்லல. நீயும் மன்னிப்புக் கேக்கறேன்னு போய் உளறக் கூடாது."

லெஸ் தலையை ஆட்டினான். வழியெல்லாம் அவன் மனப்பாடம் செய்து வந்தது அந்த மன்னிப்பைத்தான். இனி அதை அவனே சுமந்துகொள்ள வேண்டியதுதான்.

வார்டு வாசலில் பெர்ட்டின் மனைவி மேவிஸ் நின்றிருந்தாள். லெஸ் போட்டிருந்த கிளப்பின் பச்சைச் சட்டையைப் பார்த்ததும் அவள் முகம் இறுகவில்லை, இளகியது.

"யாராவது வந்தீங்களே" என்றாள். "மூணு வாரமா அந்தக் கதவையேதான் பார்த்துக்கிட்டிருக்கார். நர்ஸ் வந்தாலும் பார்ப்பார், துடைக்கிறவ வந்தாலும் பார்ப்பார். அப்புறம் முகம் வாடிடும். என்னமோ பெரிய காரியம் செஞ்சு முடிச்சுட்டு, நீங்கள்லாம் கும்பலா வந்து கை குலுக்குவீங்கன்னு காத்துக்கிட்டிருக்கிற மாதிரி. எனக்குத்தான் என்னன்னு புரியல."

லெஸ் உள்ளே போனான். தலையணையில் ஒருபக்கம் சாய்ந்த முகம். கண் மட்டும் கதவிலேயே இருந்தது. அவனைப் பார்த்ததும் அந்தக் கண் பளிச்சென்றது. இடது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல மேலே வந்தது.

லெஸ் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "பணம் போய்ச் சேர்ந்துடுச்சு, பெர்ட். வழக்கு முடிஞ்சுது. கிளப் இருக்கு. எல்லாம் உங்களாலதான். நாங்க வர்றதுக்குத்தான்... லேட்டாயிடுச்சு."

பெர்ட்டின் வாயோரம் கோணியது. அது சிரிப்பு. பிறகு அந்தக் கண் லெஸின் தோளைத் தாண்டி மறுபடியும் கதவுக்குப் போயிற்று. பின்னால் வேறு யார் வருகிறார்கள் என்று தேடியது.

லெஸ் பார்க்காததுபோல் இருக்க முயன்றான். முடியவில்லை.

"வர்றாங்க, பெர்ட். எல்லாரும் வந்துக்கிட்டிருக்காங்க. வண்டி நிறுத்த இடம் கிடைக்கல" என்றான். தாழ்வாரத்துக்கு வந்ததும் நார்முக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் ஒரே பாட்டும் கூத்துமாக இருந்தது.

"டேய் நார்ம், பாட்டை நிறுத்து. கடையை மூடு. அன்னிக்கு விருப்பம் போட்ட அந்த நானூத்துப் பன்னெண்டு பேர்ல எத்தனை பேர் ஊர்ல இருக்காங்களோ, அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. இப்பவே வா."